கேள்வி கோரப்படாதது

செவ்வாய் இரவு ஏழரை. எம்மே ஆற்றங்கரை, ஊராட்சிக் கூடம்.
கணக்காய்வுக் குழுவில் ஐந்து பேர்,
தட்டில் பாதி தீர்ந்த ஆப்பிள் கேக்,
நீல உறைக்குள் மூன்று ஒப்பந்தங்கள்.

பள்ளிக்கூடம், துப்புரவு:
ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு பிராங்.
உடற்பயிற்சிக் கூடம், துப்புரவு:
ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு.
பாலர் பள்ளி, துப்புரவு:
ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
ஒன்றரை லட்சத்தைத் தொட்டால் ஊரறிய விலை கேட்கவேண்டும்.
தொடவில்லை.
படலைவரை வந்து, உள்ளே வராமல்
கதைத்துவிட்டுப் போகிறவர்களைப் போல
மூன்றும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டன.

கம்பனி ஒன்று. தேதி ஒன்று.
பேனாவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

டென்டரை நாங்கள் கேள்வி என்போம்.
சந்தைக் குத்தகைக்குக் கேள்வி கோரினார்கள்,
அவன் கேள்வி போட்டான், இவனுக்கு விழுந்தது.
இவை மூன்றும் கேள்வியே இல்லாமல் கிடைத்த பதில்கள்.
இதை ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்,
சொல் வரவில்லை. கேக்கை எடுத்தேன்.

லூத்தியை எல்லாருக்கும் தெரியுமே, என்றார் ஹெர் ட்சௌக்.
தெரியும்.
போன மாசியில் பனியில் புதைந்த என் காரைத்
தோள் கொடுத்துத் தள்ளியவர் லூத்தி.
அவர் மகளின் கல்யாணத்துக்கு நூற்றிருபது வடை சுட்டேன்.
இரண்டுக்கும் ரசீது இல்லை.
இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரிவதுதான் விலைமனு.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
மேசையைச் சுற்றிக் கைகளைப் பார்த்தேன்.
கேக் துகள்தான் ஒட்டியிருந்தது. என் கையிலும்.

பதினோரு வருடத்துக்கு முன்
மணித்தியாலத்துக்கு இருபத்தொரு பிராங்குக்கு
லூத்தியின் பச்சைக் கோட்டோடு அங்கே துடைத்தவள் நான்.
பட்டியலில் இப்போது அறுபத்துநாலு.
காலம் ஏறியிருக்கும். காப்புறுதி, மெஷின், சோப்பு, லாபம்.
எல்லாம் சரியாகவே இருக்கலாம்.
நான் கேட்டது வேறு:
கட்டிடங்கள் மூன்றா?

வரைபடத்தில் மூன்று நிறம், மூன்று இலக்கம்.
என் முழங்காலுக்கு ஒன்றுதான் தெரியும்.
பள்ளிக்கூடத்துக் கழிவறையில் நிரப்பிய வாளி
ஜிம் வாசல்வரை போகும்,
அங்கே ஊற்றி நிரப்பினால் பாலர் பள்ளிக்குக் காணும்.
ஒரே நடை, ஒரே மொப்,
சக்கரம் தடக்க ஒரு வாசற்படி கிடையாது.
மூன்று ஒப்பந்தங்களை ஒரே இரவில் கடந்திருக்கிறேன்,
கடக்கிறேன் என்றே தெரியாமல்.

யாரும் பேசவில்லை.
ஃப்ராவ் ரோத்லிஸ்பெர்கர் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார்.
மக்கள் பார்க்கட்டும் என்றுதான் கண்ணாடி,
திறப்பு விழாவில் அப்படித்தான் பேசினார்கள்.
கண்ணாடி துடைத்தவளுக்குத் தெரியும்:
இரவில் உள்ளே விளக்கெரிந்தால்
தெருவில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும்,
உள்ளே இருப்பவனுக்குத் தன் முகம்தான்.
தெருவில் ஆள் நிற்கவேண்டும், அதுதான் சிக்கல்.
செவ்வாய் இரவு, மைனஸ் நாலில், யார் நிற்பார்?

நாலுக்கு ஒன்று.
'கவனத்தில் கொள்ளப்பட்டது.'
ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இடையில் கதவுகள் இல்லை.
எந்தக் கதவுகள், என்று எழுத்தர் கேட்டான்.
இல்லாத கதவுகள், என்றேன்.
சிரிக்காமல் எழுதினான். ஆறாம் பக்கம், அடியில்.

பஸ்ஸுக்கு நடக்கையில் பள்ளிக்கூடத்தில் வெளிச்சம்.
பச்சைக் கோட்டோடு யாரோ ஒருத்தி,
எரித்திரேயப் பெண்ணாக இருக்கலாம்,
முதலாம் ஒப்பந்தத்திலிருந்து வாளியைத் தள்ளிக்கொண்டு
இரண்டாவதுக்குள் போனாள்.
நான் தெருவில் நின்றேன்.
பஸ் போய்விட்டது.